கிணற்றடித் துறை: விவிலிய வாசிப்பும் அரங்கத்து உரைமரபும்



விவிலியத்தை விளக்குவதில் நவீன இலக்கியத் திறனாய்வுக்கு என்ன இடம் என்பது பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன் அல்லன், தமிழ் படித்தவன். இந்தக் கேள்விக்குள் நான் நுழைந்த வாசலும் குருமடத்து வாசல் அல்ல, காவிரிக்கு வடகரையில் இருந்த ஒரு வீட்டுத் திண்ணை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதுகலை படித்த நாள்களில் சனிக்கிழமைதோறும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் திருவரங்கம் போவேன். உத்தர வீதியில் ஒரு பெரியவர் எனக்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த ‘ஈடு’ என்னும் வைணவ வியாக்கியானம் சொல்லித்தந்தார். கிறிஸ்தவப் பையனுக்கு எதற்கு ஈடு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு பதிகத்தையும் தொடங்குமுன் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, “இது யார் பேச்சு? யாரைப் பார்த்துப் பேச்சு? எந்த நிலையில நின்னு பேசறா?” என்று கேட்பார். பதில் சொன்ன பிறகே பாசுரத்துக்குள் விடுவார். சில மாதங்கள் போயின. ஒருநாள் பாடம் முடிந்து எழுந்தபோது, “உங்க வேதத்துலயும் இதைக் கேட்டுப் பாரேன், தம்பி” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசையில் வாசிக்கப்பட்டது யோவான் நற்செய்தியின் 4 ஆம் அதிகாரம், சமாரியப் பெண்ணின் கதை. பிரசங்கத்தில் அந்தப் பெண் ஒழுக்கம் கெட்டவள் என்றும், ஊர்க் கண்ணுக்கு அஞ்சியே உச்சி வெயிலில் தண்ணீருக்கு வந்தாள் என்றும் சொல்லக் கேட்டேன். சிறுவயதிலிருந்து கேட்டு வந்ததுதான். அன்று மட்டும் பெரியவரின் கேள்வி உள்ளே உறுத்தியது. இது யார் பேச்சு? வீட்டுக்கு வந்து நூலைத் திறந்தேன். அவள் வெட்கப்பட்டு நண்பகலில் வந்தாள் என்று யோவான் சொல்லவில்லை. ஐந்து கணவர் இருந்தார்கள் என்கிறார். கணவர்கள் இறந்தார்களா, தள்ளிவைத்தார்களா என்று சொல்லவில்லை. இயேசு அவளிடம் இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லவும் இல்லை. நான் பலமுறை கேட்டிருந்த அந்தப் பாவி நூலுக்குள் இல்லை, நம் பேச்சில்தான் இருந்தாள்.

நூலில் இருப்பது எது, நாம் கொண்டுவந்து வைத்தது எது என்று பிரித்தறிவதே இலக்கியத் திறனாய்வின் முதல் வேலை. அந்த வேலைக்கு வேண்டிய கருவிகளில் பல தமிழரிடம் வெகுகாலமாக இருக்கின்றன என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

மேற்கில் இது நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லவுத் எபிரேயரின் புனிதக் கவிதை பற்றிய தம் விரிவுரைகளை 1753 இல் இலத்தீனில் வெளியிட்டார். ஓர் அடியின் பொருளை அடுத்த அடி வேறு சொல்லில் திருப்பிச் சொல்வதும், மறுத்துச் சொல்வதும், வளர்த்துச் சொல்வதும் திருப்பாடல்களின் யாப்பு என்று காட்டியவர் அவர். 19 ஆம் நூற்றாண்டில் ஆர்வம் வேறு பக்கம் திரும்பியது. ஜெர்மனியின் வெல்ஹவுசனும் அவரைச் சார்ந்தோரும் மோசேயின் ஐந்து நூல்களும் பல மூலங்களின் கலவை என்று கண்டு, இழை இழையாகப் பிரித்தார்கள். குங்கெல் ஒவ்வொரு துண்டும் எந்தச் சூழலில் வழங்கிய என்ன வகைப் பாட்டு, என்ன வகைக் கதை என்று ஆராய்ந்தார். இவை பெரிய உழைப்புகள். ஆனாலும் நெய்த சேலையின் அழகு நூல் பிரிப்பவர் கண்ணில் படாது. 1968 இல் ஜேம்ஸ் மியூலன்பர்க் அமெரிக்க விவிலிய அறிஞர்களின் பேரவையில் தலைமையுரை ஆற்றியபோது, பிரித்தது போதாது, முழுமையின் சொல்லாட்சியையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1981 இல் ராபர்ட் ஆல்டர் விவிலியக் கதைகூறும் கலையைப் பற்றி எழுதிய நூல் அந்தக் கதவை அகலத் திறந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்பே ஒருவர் இருக்கிறார். எரிக் அவுர்பாக் யூதர். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியில் வேலை இழந்து, இஸ்தான்புலில் தஞ்சம் புகுந்து, அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிய நூலை 1946 இல் வெளியிட்டார். அதன் முதல் அதிகாரம் ஹோமரையும் தொடக்கநூலையும் எதிரெதிரே வைக்கிறது. ஹோமரில் எல்லாமே வெளிச்சத்தில் இருக்கிறது. தழும்பு ஒன்று தெரிந்தால் அது வந்த கதை முழுவதும் அங்கேயே சொல்லப்படுகிறது. ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் கதையில் மூன்று நாள் நடக்கிறார்கள். அந்த மூன்று நாளில் தகப்பன் என்ன நினைத்தான், மலை எப்படி இருந்தது, வெயில் அடித்ததா, எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டவை கதைக்குப் பின்னே இருளாகக் கவிந்து கிடக்கின்றன என்பது அவர் கண்டது.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியச் செய்யுளியல் நினைவுக்கு வந்தது. செய்யுளுக்கு அங்கே 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று தொடங்கும் அந்தப் பட்டியலை யாப்பிலக்கணம் என்று ஒதுக்கிவிட்டுப் போகிறோம். பாதி வழியில் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், துறை என்று வருகின்றன. பேசுபவர் யார், கேட்பவர் யார், எங்கே, எப்போது, சொல்லாமல் விட்டது எது? இன்றைய கதையாடல் ஆய்வாளர் தம் நூலின் அதிகாரத் தலைப்புகளாக இவற்றை வைக்கலாம். எச்சம் செய்யுளின் ஓர் உறுப்பு என்கிறது தொல்காப்பியம். சொல்லாதது விடுபட்டுப் போன குறை அன்று, செய்யுளின் உடம்பில் அதுவும் ஒரு பாகம். அவுர்பாக்கின் அந்த இருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது.

சமாரியப் பெண்ணிடம் திரும்புவோம். அவளைப் புரிந்துகொள்ளத் ‘துறை’ என்ற சொல் வேண்டும்.

ஆல்டர் தம் நூலில் ஒன்றைக் காட்டுகிறார். எபிரேயக் கதைகளில் சில காட்சிகள் திரும்பத் திரும்ப ஒரே அமைப்பில் வருகின்றன. அவற்றில் ஒன்று கிணற்றடிக் காட்சி. ஓர் ஆண், அல்லது அவன் சார்பாக ஒருவன், அயல்நாட்டுக்கு வருகிறான். கிணற்றடியில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். யாரோ தண்ணீர் மொள்கிறார்கள். பெண் வீட்டுக்கு ஓடிச் சேதி சொல்கிறாள். வந்தவனை அழைத்து விருந்து வைக்கிறார்கள். மண உறுதி நடக்கிறது. தொடக்கநூல் 24 இல் ஆபிரகாமின் வேலையாள் ரெபேக்காவைக் காண்பது இப்படி. 29 இல் யாக்கோபு ராகேலைக் காண்பது இப்படி. விடுதலைப்பயணம் 2 இல் மோசே சிப்போராவின் வீட்டுக்குப் போய்ச் சேர்வதும் இப்படியே. ஒரே கதையை மூன்று பேருக்கு ஒட்டிவிட்டார்கள் என்று பழைய ஆய்வாளர் எண்ணினார்கள். ஆல்டர் அதை மறுத்தார். கேட்பவர்களுக்கு அமைப்பு முன்பே தெரியும். எங்கே மாற்றுகிறார்கள் என்பதில்தான் கதையின் பொருள் இருக்கிறது. ஈசாக்கின் கதையில் மணமகன் வரவே இல்லை, வேலையாள் வருகிறான், எல்லாக் காரியத்தையும் ரெபேக்காவே ஓடி ஓடிச் செய்கிறாள். பின்னாளில் அந்த வீட்டில் முடிவெடுப்பவள் யார் என்பது கிணற்றடியிலேயே தெரிந்துவிடுகிறது. யாக்கோபு கிணற்றின் வாயிலிருந்த கல்லைத் தானே புரட்டுகிறான். வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டப் போகிறவன் அவன்.

தமிழ் மாணவருக்கு இதில் வியப்பில்லை. இதைத்தான் துறை என்கிறோம். வெறியாட்டு ஒரு துறை. மகள் மெலிகிறாள், தாய் கலங்குகிறாள், வேலனை அழைத்து முருகனுக்கு வெறியாடச் செய்கிறாள், நோய் காதல் நோய் என்பது தோழிக்குத் தெரியும். இவ்வளவும் கேட்பவருக்கு மனப்பாடம். புலவர் எதை அசைக்கிறார் என்றே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். நற்றிணை 34 இல் தோழி முருகனைப் பார்த்தே, இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வந்து நிற்கிற நீ கடவுளானாலும் அறியாமை உடையவன்தான் என்று கடிந்துகொள்கிறாள்.

அதே துறையை நம்மாழ்வார் கையில் எடுக்கும்போது என்ன ஆகிறது பாருங்கள். திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் பதிகம் தோழி பேச்சு. வெறியாட்டை அவள் தடுக்கிறாள். அதே மகள், அதே மெலிவு, அதே கலங்கிய தாய். நோய்க்குக் காரணமானவன் மட்டும் திருமால் ஆகிவிட்டான். மருந்தும் மாறிவிட்டது. கள்ளும் இறைச்சியும் வேண்டாம், அவன் அடியாரின் பாதத்தூளி போதும் என்கிறாள் தோழி. சங்கத் துறை அப்படியே இருக்கிறது, ஆனால் முற்றிலும் புதிதாகிவிட்டது. பழைய துறையை அறியாதவர் இந்தப் பதிகத்தைப் பாதிதான் கேட்கிறார்.

யோவான் செய்ததும் இதுவே. அந்தக் கிணறு யாக்கோபின் கிணறு என்று அவரே பெயர் சொல்கிறார். முந்தைய அதிகாரத்தில்தான் திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழன் என்றும் இயேசுவை மணமகன் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். அயல்நாட்டுக்கு வந்த ஆண், கிணறு, நண்பகல், குடத்தோடு ஒரு பெண். யூத மரபில் ஊறிய காதுக்கு என்ன துறை என்று உடனே விளங்கும். அடுத்து மண உறுதி வர வேண்டும். கணவனை அழைத்து வா என்கிறார் இயேசு. எனக்குக் கணவர் இல்லை என்கிறாள் அவள். துறையின் இலக்கணப்படி பெண் அப்படித்தான் சொல்லவேண்டும்! ஐந்து கணவர் பற்றிய பேச்சு அங்கே வருவதைப் பாவ அறிக்கையாக மட்டும் படித்தவர்கள் இந்தத் துறையைத் தவறவிட்டார்கள். பிறகு அவள் ஊருக்குள் போய்ச் சேதி சொல்கிறாள், ரெபேக்காவைப் போல, ராகேலைப் போல. ஊரார் வந்து அவரைத் தங்கும்படி அழைக்கிறார்கள். இரண்டு நாள் தங்குகிறார். சீடர்கள் உணவு கொண்டுவந்தும் அவர் உண்ணவில்லை. திருமணம் நடக்கவில்லை, அதற்குப் பதில் ஓர் ஊர் முழுவதும் அவரோடு உறவாகிறது. முந்தைய அதிகாரத்தில் இரவில் வந்த கற்றறிந்த நிக்கதேம் புரியாமல் கேள்வியோடு நிற்கிறார். பட்டப்பகலில் வந்த பெயரில்லாத பெண் புரிந்துகொண்டு ஓடுகிறாள். நண்பகல் வெட்கத்தின் அடையாளம் என்று நமக்குச் சொல்லப்பட்டதே, யோவான் நற்செய்தி முழுவதும் ஒளிக்கும் இருளுக்கும் என்ன மதிப்பு என்று பார்த்தவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இலக்கியத் திறனாய்வு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. யூதரும் சமாரியரும் புழங்குவதில்லை என்று யோவான் குறிப்பிடும் இடத்தில் வரலாறு வேண்டும். கி.மு. 2 ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் கோயிலை இடித்தார் என்பது தெரியாமல், எந்த மலையில் தொழுவது என்று அவள் கேட்கும் கேள்வியின் காயம் தெரியாது. அந்தக் கிரேக்க வினைச்சொல்லுக்கு ஏனங்களைச் சேர்ந்து புழங்குதல் என்றும் பொருள் கொள்வார்கள். அவளுடைய குடத்திலிருந்து அவர் குடிக்க முடியாது என்பதே அங்கே பேச்சு. இதை விளக்க நம் நாட்டில் அகராதி தேவையில்லை. இரட்டைக் குவளையும் ஊருக்கு இரண்டு கிணறும் அறிந்த மக்கள் நாம். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்காக எழுந்த சுவரைப் பற்றி இந்தத் திருச்சி நகரத்துக் கிறிஸ்தவர்களாகிய நாமே படித்துத் தலைகுனிந்திருக்கிறோம். மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பரட்டை என்னும் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டையும் தலித் மக்களின் வாழ்வையும் வைத்து நற்செய்தியை வாசித்தார். கேட்போர் மாறினால் கூற்றின் பொருள் மாறும் என்பதை அவர் பாட்டுகள் எனக்கு உணர்த்தின. விலக்கப்பட்ட தெருவிலிருந்து இக்கதையைக் கேட்கும் பெண்ணுக்கு, தண்ணீர் கேட்டவர் யார் என்பதைவிட, யாருடைய குடத்திலிருந்து கேட்டார் என்பதே முதலில் காதில் விழும்.

இனி அடுத்த செய்தி. இதில் சற்று நேரம் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள். இனிமைமிகு பாடல் என்றும் உன்னதப்பாட்டு என்றும் நாம் அழைக்கும் நூல் 8 அதிகாரம், 117 வசனம். ஒரு பெண்ணும் ஆணும் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். கடவுளின் பெயர் வெளிப்படையாக வருவதில்லை. தாயைப் பற்றிப் பலமுறை பேச்சு வருகிறது, தந்தை ஒருமுறைகூட இல்லை. தோட்டம், மான், புறா, மாதுளை, இரவு, காவலர். எருசலேம் மங்கையர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். யூத மறைநூல் தொகுதியில் இதற்கு இடமுண்டா என்ற வாதம் எழுந்தபோது, புனித நூல்களுள் இதுவே மிகப் புனிதமானது என்று சொன்னவர் ரபி அக்கிவா.

1973 இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக மொழியியலாளர் கயிம் ராபின் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணின் குரல் முன்னிற்பது, இயற்கையே உணர்வைச் சொல்வது, பிரிவின் ஏக்கம் ஆகியவற்றை வைத்து, இந்த நூல் தமிழ் அகப்பாட்டோடு தொடர்புடையது என்று வாதிட்டார். அரசர் நூலில் வரும் மயிலுக்கான எபிரேயச் சொல் தோகையிலிருந்தும், நறுமணக் கட்டைக்கான சொல் அகிலிலிருந்தும் போயிருக்கலாம் என்று 1856 இலேயே கால்டுவெல் எழுதியிருந்தார். கப்பலில் சொல் போனால் பாட்டும் போகாதா என்பது ராபினின் எண்ணம். தமிழருக்கு இதைக் கேட்கச் சுவையாக இருக்கும். ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. இந்த நூல் யார் பெயரால் வழங்குகிறதோ அந்தச் சாலமோனின் காலத்துக்கும் நமக்குக் கிடைத்த சங்கப் பாட்டுகளின் காலத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. சொல் கப்பலேறியதற்குச் சான்று காட்டலாம். பாட்டு கப்பலேறியதற்குச் சான்று இல்லை. நம் பெருமைக்காக வரலாற்றை வளைக்க வேண்டியதில்லை. 1988 இல் ஆபிரகாம் மரியசெல்வம் இவ்விரண்டு கவிதை மரபுகளின் குறியீடுகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்த நூல் உரோமையிலிருந்து வெளிவந்தது. என் பார்வையில் அந்த ஒப்பீட்டின் பயன் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதில் இல்லை. அகப்பாட்டை வாசிக்கக் கற்ற கண் இந்த நூலில் எதைப் பார்க்கும் என்பதில் இருக்கிறது.

முதலில் கூற்றைப் பார்க்கும். எபிரேயத்தில் வினையும் விகுதியும் ஆண்பால் பெண்பால் காட்டும் என்பதால் பேசுபவர் யார் என்று பெரும்பாலும் பிடிபடும். பிற மொழிக்குப் போகும்போது குழம்பும். 4 ஆம் நூற்றாண்டின் சினாய்க் கைப்பிரதியை எழுதியவர்கள் கிரேக்கத்தில் இந்தச் சிக்கலை உணர்ந்து, மணமகள், மணமகன் என்று பேசுவோரின் பெயரைச் சிவப்பு மையில் இடையிடையே எழுதிவைத்தார்கள். 1995 இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் தலைவி, தலைவன் என்ற அகச் சொற்களைக் கொண்டே கூற்றுகளைக் குறித்துக் காட்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் செய்த இந்தச் சிறு காரியம் ஒரு பெரிய விளக்கவுரைக்குச் சமம் என்பேன். ஆனால் நம் பங்குகளில் யாரும் அதைச் சுட்டிக்காட்டி நான் கேட்டதில்லை.

திருச்சபையின் பழைய உரையாசிரியர்கள் இந்த நூலை எப்படி வாசித்தார்கள்? மணமகன் கிறிஸ்து, மணமகள் திருச்சபை அல்லது ஆன்மா. ஓரிஜென் மிகப் பெரிய உரை எழுதினார். உடலின் தொல்லைகளிலிருந்து விடுபடாதவர் இந்த நூலைத் தொடவேண்டாம் என்று முன்னுரையிலேயே எச்சரித்தார். கிளேர்வோ பெர்னார்து 86 மறையுரைகள் ஆற்றி மூன்றாம் அதிகாரத் தொடக்கத்திலேயே காலமானார். ஹொய்லாந்து கில்பர்ட் 48 மறையுரைகளால் தொடர்ந்து ஐந்தாம் அதிகாரத்தில் நின்றார். ஃபோர்டு யோவான் 120 மறையுரைகளால் முடித்துவைத்தார். மூன்று தலைமுறை! நூலின் மீது அவர்களுக்கு இருந்த காதலை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஓரிஜென் வழி வந்த வாசிப்பில் ஒரு விபத்து நேர்ந்தது. ஆன்மா உள்ளே வரவேண்டும் என்பதற்காகப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்கள். இரவில் தெருத்தெருவாய்த் தேடிக் காவலர் கையில் அடிபட்டவள் ஒரு பெண் என்பதே மறந்துபோனது.

அரங்கத்து ஆசாரியர்களிடம் நான் கற்றது இந்த இடத்தில்தான். 13 ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். கேட்டுவிட்டுக் கலைந்துபோன கூட்டத்தைப் பார்த்தவர்கள் இது பெருமாளைச் சேவித்து வரும் கூட்டமா, நம்பிள்ளையைக் கேட்டு வரும் கூட்டமா என்று திகைத்தார்களாம். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒவ்வொரு பதிகத்துக்கும் முன்னால் அவதாரிகை உண்டு. முந்தைய பதிகத்தில் ஆழ்வார் எந்த நிலையில் இருந்தார், இப்போது ஏன் இப்படிப் பேசுகிறார், பேசுவது ஆழ்வாரா, மகளா, தாயா, தோழியா என்று அங்கே நிறுவுவார்கள். திருவாய்மொழியில் மகளாக 17, தாயாக 7, தோழியாக 3 பதிகங்கள் இருப்பதாகக் கணக்கு. ஏழாம் பத்தின் இரண்டாம் பதிகம் தாய் பேச்சு. இரவும் பகலும் உறக்கமின்றிக் கண்ணீர் விடும் மகளைக் காட்டி, இவளை என்ன செய்யப்போகிறாய் என்று தாய் திருவரங்கனிடமே நேரில் கேட்கிறாள். அதற்கு ஈட்டாசிரியர் உரை சொல்லும்போது அந்தத் தாயை அவசரமாக ஆன்மிகமாக்கி அனுப்பிவிடுவதில்லை. அவள் குரல் எங்கே உடைகிறது, எங்கே உரிமையோடு ஏசுகிறது என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் காட்டுகிறார். மேலே நிற்கும் பேச்சு அந்யாபதேசம், உள்ளே நிற்பது ஸ்வாபதேசம். உள்ளே போவதற்கு மேலே இருப்பதை அவர்கள் கலைப்பதில்லை. தாய் தாயாகவே நிற்கிறாள், ஆழ்வார் ஆழ்வாராகவே இருக்கிறார்.

ஹார்வர்டில் கற்பித்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் குளூனி இதைக் கண்டுகொண்டவர். அரங்கத்து உரையாசிரியர்களைப் பல்லாண்டு பயின்று 1996 இல் ஒரு நூல் எழுதினார். பிறகு வந்த இன்னொரு நூலில், மறைந்துபோன காதலனைத் தேடும் இனிமைமிகு பாடலின் பெண்ணையும் திருவாய்மொழியின் பெண்ணையும், இரு மரபின் உரையாசிரியர்களோடு சேர்த்து வாசித்தார். கத்தோலிக்கக் குரு ஒருவர் கடல் கடந்து வந்து நம்பிள்ளையிடமும் அவர் ஆசிரியர் நஞ்சீயரிடமும் பாடம் கேட்டிருக்கிறார். பாலம் கடந்தால் அரங்கம் என்று இருக்கும் நாம் கேட்காமல் இருக்கலாமா? இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் ஈட்டில் உண்டு. ஒரு பாசுரத்துக்கு முந்தைய ஆசாரியர்களில் ஆளவந்தார் ஒரு பொருள் சொல்லியிருப்பார், பட்டர் வேறு சொல்லியிருப்பார். இரண்டையும் ‘நிர்வாகம்’ என்ற பெயரில் பதிந்துவைப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டதற்காக மற்றதை அழிப்பதில்லை. ஆழ்வாரின் நாவில் பாடியவன் இறைவனே என்று உறுதியாக நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கை அவர்களைக் கேள்வி கேட்பதிலிருந்து தடுக்கவில்லை. இறைவன் பேசியது என்பதாலேயே ஒவ்வொரு அசையையும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று கருதினார்கள். விவிலியத்தைக் கதையாகவும் கவிதையாகவும் பார்த்தால் விசுவாசம் குறையும் என்று அஞ்சும் என் உடன்பிறப்புகளுக்கு இதையே பதிலாகச் சொல்வேன். கத்தோலிக்கருக்குத் திருச்சபையின் சொல்லும் இருக்கிறது. இலக்கிய வகைகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 1943 இல் திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் எழுதினார், 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை உறுதிசெய்தது. 1993 இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம் சொல்லாட்சி ஆய்வையும் கதையாடல் ஆய்வையும் பெயர் சொல்லி வரவேற்றது. எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்ளும் வாசிப்பையே அது ஆபத்து என்றது.

எச்சம் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான்கு நற்செய்திகளிலும் மரியாவின் கணவர் யோசேப்பு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எண்ணுகிறார், கனவு காண்கிறார், எழுந்து போகிறார். அந்த மௌனத்தின் முன்னால் உட்கார்ந்து வீரமாமுனிவர் 3615 விருத்தங்கள் பாடினார். 1726 இல் பிறந்த தேம்பாவணி அது. யோசேப்புக்கு அவர் இட்ட பெயர் வளன். இந்த ஊரில் தூய வளனார் கல்லூரி என்று சொல்லும்போதெல்லாம் ஒரு புலவன் நிரப்பிய எச்சத்தின் பெயரைத்தான் சொல்கிறோம். மாற்கு நற்செய்தி வேறு வகை. மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில், கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்ற இடத்தில், 16 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தோடு நூல் நின்றுவிடுகிறது. அந்த மௌனம் பொறுக்காமல் பின்னால் வந்தவர்கள் முடிவு எழுதிச் சேர்த்தார்கள். அவர்கள் சொல்லவில்லை என்றால் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பவரை நோக்கித் திரும்பி நிற்கும் முடிவு அது. நிரப்ப வேண்டிய எச்சம் உண்டு, நிரப்பாமல் விடவேண்டிய எச்சமும் உண்டு. எது எது என்று அறிய ஓர் ஆயுள் வேண்டும்.

திருவரங்கத்துப் பெரியவரிடம் நான் கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தான். அவர் சொன்னபடி கேட்டுப் பார்த்ததைச் சொல்ல, அடுத்த சனிக்கிழமை சமாரியப் பெண்ணின் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன் என்றால் அது அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து, துறையையும் தொடக்கநூலையும் சேர்த்துப் படித்த பிறகு, ஒரு மார்கழி மாலையில் போய் உட்கார்ந்து முறையாகச் சொன்னேன். பகல் பத்துத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டார். ஊருக்குள் ஓடும்போது அவள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டுப் போனாள் என்று யோவான் எழுதியிருப்பதைச் சொன்னதும் கண்ணைத் திறந்தார்.

“குடத்துல தண்ணி இருந்துதா?”

நூலைத் திறந்து பார்த்தேன். சொல்லப்படவில்லை.

“வந்தவர் தாகம்னு கேட்டாரே, குடிச்சாரா?”

அதுவும் சொல்லப்படவில்லை. அவள் அவருக்காக விட்டுப்போனாள் என்று கொள்ளலாம். பழைய வாழ்வை விட்டதாகக் கொள்ளலாம். திரும்பி வருவதற்காக வைத்ததாகவும் கொள்ளலாம். மூன்றையும் சொன்னேன். மூன்றையும் நிர்வாகமாக எழுதி வைத்துக்கொள் என்றார். எழுதி வைத்திருக்கிறேன். நான்காவது ஒன்று உங்களில் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், அதற்கும் அந்தத் தாளில் இடம் விட்டிருக்கிறேன்.